சுருவில் கிணற்றில் ஏறிய உப்பு

விடிந்து பார்த்தபோது சுருவில் கிராமத்துக் கிணறு உப்பாகியிருந்தது.

பூட்டிய கிணறு அது. மேலே இரும்புக் கம்பிவலை மூடி. மூடிக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு வேறு ஆட்களிடம். உள்ளே தண்ணீரின் அடியில் ஒரு கருவி தொங்குகிறது; ஊரார் அதற்கு வைத்த பெயர் உப்புப்பெட்டி. தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் அளந்து சொல்வது அதன் தொழில். முதல்நாள் பொழுதுபடும் வரை நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்த பெட்டி, காலையில் வாயில் வைக்க முடியாத தண்ணீர் என்றது. அதுவும் வாக்கெடுப்பு நாள் பார்த்து.

சுருவிலில் சனம் எழும்பிப் பல் துலக்குமுன்பே ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் செய்தி தெரிந்துவிட்டது. பெட்டி சொல்லும் கணக்கு எந்த அரசாங்கக் கந்தோருக்கும் போவதில்லை. ஒரே நேரத்தில் உலகெங்கும் ஆயிரம் கணினிகளில் பதிவாகிறது. பதிந்ததை அழிக்க ஒருவராலும் முடியாது. அதற்குப் பெயர் பிளாக்செயின் என்பது சுருவிலில் இப்போது ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

காலை ஏழரை. ஊர்காவற்றுறையில் மேரிஜோசப்பின் என்ற பெண் காலைச் சாப்பாட்டுப் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்தபோது போன் அதிர்ந்தது.

'நன்னீர் அவை: முறைப்பாடு ஒன்று வந்துள்ளது. குலுக்கலில் நீங்கள் விசாரணையாளராகத் தெரிவாகியுள்ளீர்கள். உங்கள் முடிவு இன்று மாலை ஆறு மணிக்கு முன் பதிவாக வேண்டும்.'

பாண் தேத்தண்ணீருக்குள் விழுந்துவிட்டது.

மேரிஜோசப்பினுக்கு வயது நாற்பத்துமூன்று. வேலை, ஒரு இன்சூரன்ஸ் கொம்பனிக்காக விபத்துப்பட்ட வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது. 'நிப்பாட்டியிருந்த என்ரை வானை வந்து அடிச்சவன்' என்று அழுகிறவரில் பாதிப் பேர் தாங்களே போய் இடித்தவர்கள் என்பது அவளுக்கு இருபது வருட அனுபவம். பாரிசிலிருக்கும் தம்பி அவளை நன்னீர் அவையில் சேர்த்துவிட்டிருந்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாலைந்து தரம் வாக்குப் போட்டிருக்கிறாள். அவ்வளவுதான் அவளுக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள சொந்தம்.

ஆனால் அந்த அவையை நினைத்தால் அவளுக்கு எப்போதும் ஒரு பிரமிப்புத்தான். தலைவர் கிடையாது. செயலாளர் கிடையாது. மேசை, கதிரை, கந்தோர் எதுவும் கிடையாது. தீவகத்திலும் வெளிநாட்டிலுமாக அறுநூறு சொச்சம் பேர், ஆளுக்கு ஒரு வாக்கு. எந்த ஆய்வைச் செய்வது, யார் செய்வது, தொடருவதா நிறுத்துவதா என்று வாக்குப் போடுவார்கள்; மிச்சத்தை எழுதிவைத்த விதிகள் தாமாகவே நடத்தும். ஒரு கோயில் சபைக் கூட்டத்தைக் கதிரை பறக்காமல் நடத்தத் தெரியாத நம்முடைய ஆட்களா இப்படி ஒன்றை நடத்துகிறார்கள் என்று அவள் பலதரம் அதிசயித்ததுண்டு.

முறைப்பாட்டைத் திறந்தாள். 'ஆய்வாளர் சிவரூபி மூன்று வருடமாகக் கள்ளத்தனமாக நல்ல தண்ணீர் ஊற்றிக் கணக்குக் காட்டியிருக்கிறார். நேற்று ஊற்ற மறந்ததால் குட்டு வெளிப்பட்டது.' கீழே விதி நினைவூட்டியது: விசாரணை முடிவில் வரும் பெயரை எக்காலத்திலும் அழிக்க முடியாது. ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடியும்; அதற்குள் முடிவு வராவிட்டால் ஆய்வு தோற்றதாகக் கருதப்படும்.

மேரிஜோசப்பின் தேத்தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

ஆவணி வெயில். வழியெல்லாம் புல் காய்ந்து வெள்ளையாகிக் கிடந்தது. சுருவிலுக்குள் திரும்புகிற ஒழுங்கையில் இரண்டு மாடுகள் வழியை மறித்துக்கொண்டு தெருவோரக் கழிவுநீர்க் கானுக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்தன. ஹோர்ன் அடித்தும் அசையவில்லை. கானுக்கு அப்பால் ஒரு பெரிய மதில் வீடு. புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். கேற்றடியில் பந்தல் தடிகள் சாத்திக் கிடந்தன. அதற்கு அடுத்த காணியில்தான் அந்தக் கிணறு.

கிணற்றடியில் சிவரூபி நின்றாள். முப்பது வயதிருக்கும், அழுது முடித்த முகம்.

"அக்கா, உங்களைத்தான் குலுக்கலிலை எடுத்ததோ?"

"ஓம் தங்கச்சி. முதல் ஒண்டு சொல்லும். நீர் தண்ணி ஊத்தினீரோ?"

"இல்லை."

"சரி. இனி எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லும். இந்த உப்புக் கிணறு என்னண்டு நல்ல கிணறாச்சுது?"

சிவரூபி நிலத்தைக் காலால் தட்டினாள். "இதுக்குக் கீழை கடல் இருக்கக்கா. தீவுக்கு அடியிலை இந்தக் கரையிலையிருந்து அந்தக் கரை மட்டும் உப்புத் தண்ணிதான். மழைத் தண்ணி கல்லுக்குள்ளாலை இறங்கி அந்தக் கடலுக்கு மேலை மிதக்குது. ரெண்டும் கலக்காமல் நிக்குது. நாங்கள் குடிக்கிறதெல்லாம் அந்த மிதக்கிற தண்ணிதான். மழையைக் கடலுக்கு ஓடவிட்டால் அது மெலிஞ்சு போகும். நான் கிணத்தைச் சுத்திக் குழி வெட்டி, பனங்கொட்டைக் கரியும் முருகைக்கல்லும் போட்டு, மாரி மழையை உள்ளுக்கு இறக்கினனான். மூண்டு மாரி. கொஞ்சங் கொஞ்சமா மிதக்கிறது தடிச்சுது. கிணறு நல்லாச்சுது."

மேரிஜோசப்பின் தன்னையறியாமல் கால்களைப் பார்த்தாள். பிறந்து வளர்ந்த தீவு. சின்னனில் ஓடிய ஒழுங்கை, மாரியில் வழுக்கி விழுந்த தரை, எல்லாவற்றுக்கும் அடியில் கடல்மேல் நன்னீர் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு உடம்பு ஒருதரம் சிலிர்த்தது.

"இண்டையான் வாக்கு என்னத்துக்கு?"

"சுருவில், வேலணை எல்லாக் கிணத்துக்கும் இதைச் செய்யிறதோ எண்டு. விதி ஒண்டு இருக்கு. வாக்கெடுக்கிற நாளிலை கிணத்து உப்பு எல்லைக்கோட்டுக்குக் கீழை இருக்கவேணும். தாண்டினால் காரணத்தை விசாரிச்சுப் பதியவேணும். எனக்கு ஆய்வு போனாலும் போகட்டும் அக்கா. கள்ளி எண்டு பேர் பதிஞ்சால் உலகத்திலை எந்த ஆய்வுகூடமும் என்னை வாசலிலை ஏத்தாது. அதை அழிக்க ஏலாது."

மேரிஜோசப்பின் மூடியைச் சுற்றி நடந்தாள். கம்பிவலையின் குறுக்கே ஒரு சிலந்தி தன் பாட்டில் வலை விரித்திருந்தது. பெரிய வலை, ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வரை. எங்கேயும் அறுந்திருக்கவில்லை. வலையில் காய்ந்த பூச்சிகளும் தூசியும்.

"பெட்டி காட்டின கணக்கை எடும் பாப்பம்."

சிவரூபி போனில் கோட்டைக் காட்டினாள். முதல்நாள் இருட்டியபின் மெல்ல ஏறத் தொடங்கி, ராத்திரி முழுக்க ஏறி, விடியற்புறம் எல்லையைத் தாண்டியிருந்தது. சாய்ந்து சாய்ந்து ஏறும் கோடு. ஓர் இடத்திலும் துள்ளவில்லை.

பிரேக் அடித்த தடமும் உருண்டுவந்த தடமும் வேறு என்பது மேரிஜோசப்பினுக்குத் தெரியும். இது அடித்தது இல்லை. உருண்டது.

ஒன்பதரைக்கு முறைப்பாட்டுக்காரரைப் பிடித்தாள். கதிர்காமு தன் தண்ணீர் பவுசர் லொறியின் நிழலில் நின்று ரயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தீவில் பாதி வீட்டுக்கு நல்ல தண்ணீர் விற்பது அவர்தான்.

"அண்ணை, முறைப்பாடு நீங்களோ போட்டது?"

"ஓம், நான்தான் போட்டனான். எனக்கும் ஒரு வாக்கு இருக்குத்தானே? என்ரை பேரோடைதான் போட்டனான். ஒளிச்சுப் போடேல்லை."

"கிணறு நல்லாயிட்டால் உங்கடை பவுசர் நிண்டிடும்."

"நிக்கும். அதுக்காக உப்புக் கொண்டுபோய்க் கொட்டினன் எண்டுறீரோ?" கதிர்காமு பம்பை நிலத்தில் போட்டார். "நாப்பது வருசமாத் தண்ணி ஏத்திறவன் நான். தண்ணிக்குள்ளை உப்பைப் போட என்ரை கை போகாது. எனக்கு அந்தப் பெட்டையிலை சந்தேகம். அதைக் கேட்டனான். பிழை எண்டால் பிழை எண்டு பதியும், நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"ராத்திரி பவுசர் எங்கை நிண்டது?"

"இஞ்சைதான். கிளச் பிளேற் போய் மூண்டு நாள். அசைஞ்சிருந்தால் நிலத்திலை தடம் இருக்கும், பாரும்."

அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். ரயரை ஒட்டி விழுந்து காய்ந்திருந்த பனையோலை நசுங்காமல் கிடந்தது.

"யாவாரம் எப்பிடி அண்ணை?"

"எங்கை? கலியாண வீடு எண்டால் நாலு பவுசராவது கேப்பினம். உந்தக் கிணத்துக்கு அடுத்த வீட்டிலை ஒரு கிழமையா வெள்ளையடிக்கிறதும் கழுவிறதும். ஒரு வாளி தண்ணிகூட என்னட்டைக் கேக்கேல்லை. பிரான்ஸ் காசு, வேறை எங்கையும் சொல்லியிருப்பினமாக்கும்."

"ஆருக்குக் கலியாணம்?"

"எங்கடை துஷ்யந்தனுக்குத்தான். பெட்டியைக் கட்டின பொடியன். பொம்பிளை நிலாந்தினி, தகப்பன் பிரான்சிலை. மூடிக் கிடந்த அந்த வீடுதான் சீதனம். வெள்ளிக்கிழமை தாலிக்குப் பொன்னுருக்கு. மாமனார் வந்து நிண்டு வேலை வாங்கிறார், மனுசன் கோவத்திலை சன்னதம் ஆடிறார்."

பத்து மணிக்கு துஷ்யந்தன் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கினான். மெலிந்த, நல்ல முகம். ஒரு சாவி சிவரூபியிடம், மற்றது அவனிடம். தோளில் கயிற்றுச் சுருள், கையில் தண்ணீர் எடுக்கும் போத்தல். கண் சிவந்திருந்தது.

"நித்திரை இல்லையோ தம்பி?"

"இந்தச் செய்தி கேட்டபிறகு என்னண்டு அக்கா நித்திரை?"

"நீர் என்ன நினைக்கிறீர்?"

"ஆரோ உப்பைக் கரைச்சு வலைக்குள்ளாலை ஊத்தியிருக்கினம். வேறை வழியில்லை. ஆர் எண்டு கண்டுபிடிக்க ஏலாது. அப்பிடியே பதிஞ்சு விடுங்கோ. இனந்தெரியாத ஆள் எண்டு."

"பெட்டி பிழையாச் சொல்லியிருக்குமோ?"

அவன் முகம் சட்டென்று மாறியது. "பிழையாச் சொல்லாது. நான் கட்டினது அக்கா. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

இரண்டு பூட்டும் திறந்தன. மூடி தூக்கியபோது சிலந்தி வலை கிழிந்தது. துஷ்யந்தன் கயிற்றில் போத்தலைக் கட்டி இறக்கினான். நீல நைலோன் கயிறு. முடியுமிடத்தில் ஒரு வெள்ளைக் கயிறு ஒட்டுப் போடப்பட்டிருந்தது. நீலம் முழுவதும் உள்ளே போய், வெள்ளையிலும் பாதி போனபின்தான் போத்தல் தண்ணீரைத் தொட்டது.

மேரிஜோசப்பின் எட்டிப் பார்த்தாள். கிணற்றுச் சுவரில், தண்ணீருக்கு மேலே, பாசி கறுப்பாக ஈரத்தோடு ஒரு பட்டையாக நின்றது. அதற்கு மேலே காய்ந்த கல்.

அவள் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்புத்தான்.

கிணற்றுக்குக் காணி கொடுத்தவர் யோகம்மா. வீடு கிணற்றுக்குப் பின்னால். குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"ராத்திரி ஆரும் கிணத்தடிக்கு வந்தவையோ அம்மா?"

"வரேல்லைப் பிள்ளை. என்ரை நாய் விடாது. ஒருக்காக்கூடக் குலைக்கேல்லை."

"ஏதும் சத்தம்?"

"என்ன சத்தம்? கலியாண வீட்டு ஜெனரேற்றர்தான் விடிய விடிய ஓடினது. எனக்குக் கண் மூட விடேல்லை."

"பந்தல் லைற்றுகள் எல்லாம் போட்டிருப்பினம் என்ன?"

யோகம்மாவின் கத்தி ஒரு கணம் நின்றது. "லைற்றோ? இல்லையே. நான் வெளியிலை போகேக்கை பாத்தனான். கும்மிருட்டு."

மேரிஜோசப்பின் எழும்பி, "மீன் நல்ல மீன்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வீட்டு மதிலைச் சுற்றி வெயிலில் நடந்தாள். தெருக்கானில் தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. மாடுகள் போய்க் கொக்குகள் வந்திருந்தன. மதிலின் ஓட்டை வழியே தென்னை அடியில் கறுத்த சேறு குவிந்திருப்பது தெரிந்தது. பிரான்சிலிருந்து வந்த மாமனார் அரைக் காற்சட்டையோடு நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து சிவரூபியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தண்ணி எடுக்கிற கயிறு எப்பவும் ஒட்டுப் போட்டதோ?"

"இல்லை அக்கா. போன கிழமையும் நீலக் கயிறு மட்டுந்தான். அதே போதும். ஏன்?"

"சும்மா" என்றாள் மேரிஜோசப்பின். அவளுக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்தது நெஞ்சில் பாரமாக இருந்தது.

பிற்பகல் நாலரை. கிணற்றடி வேப்பமர நிழலில் நாலு பேரையும் கூப்பிட்டு இருத்தினாள். சிவரூபி, துஷ்யந்தன், கதிர்காமு, யோகம்மா. போனை வேப்பங்கிளையில் சாத்தி வைத்தாள். அவையின் விதிப்படி விசாரணையை உறுப்பினர் யாரும் பார்க்கலாம். பார்ப்பவர் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

"இந்தக் கிணத்துக்குள்ளை ஆரும் ஒண்டும் ஊத்தேல்லை" என்று தொடங்கினாள்.

"என்ன?" என்றார் கதிர்காமு.

"ஊத்தியிருந்தால் மூடியிலை கிடந்த சிலந்தி வலை அறுந்திருக்கும். அறேல்லை. ஊத்தினால் உப்பு ஒரே அடியிலை ஏறும். இது ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல ஏறியிருக்கு. ஊத்தினால் தண்ணி கூடவேணும். ஆனா தண்ணி குறைஞ்சிருக்கு. சுவரிலை பாசி இன்னும் ஈரம். அண்ணை சொன்னமாதிரி சிவரூபி மூண்டு வருசமா நல்ல தண்ணி ஊத்தினதும் இல்லை. முந்தநாள் மட்டும் ஊத்தியிருந்தால் அந்த வலையிலை தூசி படிஞ்சிருக்காது. அப்ப உப்பு எங்காலை வந்தது?"

சிவரூபி காலையில் தட்டியதுபோல அவளும் காலால் நிலத்தைத் தட்டினாள்.

"கீழையிருந்து. மேலை மிதக்கிற நல்ல தண்ணியை ஆரோ உறிஞ்சி எடுத்திருக்கினம். அது குறையக் குறையக் கீழை இருந்த கடல் ஏறியிருக்கு. ஆனா இந்தக் கிணறு பூட்டு. அப்ப எந்தக் கிணத்தாலை?" அவள் மதில் பக்கம் கையைக் காட்டினாள். "பெரிய வறட்சியிலை அந்த வீட்டுக் கானிலை மாடு தண்ணி குடிக்குது. ஒரு கிழமையா வேலை நடக்கிற வீட்டுக்கு ஒரு பவுசர் தண்ணி போகேல்லை. விடிய விடிய ஜெனரேற்றர் ஓடியிருக்கு, ஆனா ஒரு லைற் எரியேல்லை. அது ஜெனரேற்றர் இல்லை அம்மா. தண்ணி இறைக்கிற மிஷின். கனகாலம் மூடிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோறதெண்டால் எங்கடை ஆக்கள் முதல் என்ன செய்வினம்?"

"கிணறு இறைப்பினம்" என்றார் யோகம்மா மெதுவாக.

"கலக்கி, சேறு அள்ளி, அடி தெரியுமட்டும் இறைப்பினம். ரெண்டு கிணத்துக்கும் கீழை ஒரே தண்ணி. அங்கை இறைக்க இஞ்சை உப்பு ஏறிச்சுது."

சிவரூபி வாயைப் பொத்திக்கொண்டாள். "வாக்கெடுப்பு முடியுமட்டும் அயலிலை மிஷின் வைச்சு இறைக்கக்கூடாது எண்டு விதி இருக்கே அக்கா! எல்லாரும் வாக்குப் போட்ட விதி."

"பிரான்சிலையிருந்து வந்த மனுசனுக்கு அது தெரியாது. தெரிஞ்ச ஒராள் அங்கை நிண்டவர்." மேரிஜோசப்பின் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி துஷ்யந்தன், காலமை நீர் சொன்னனீர், ஆரோ உப்புக் கரைச்சு ஊத்தினவை எண்டு. அது உண்மையெண்டு நினைச்சிருந்தால் பழைய கயிறோடை வந்திருப்பீர். மூடி திறக்க முன்னமே, தண்ணி எவ்வளவு இறங்கினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாத நேரத்திலை, நீர் கயித்துக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தனீர்."

எல்லாருடைய கண்ணும் கயிற்றில் போய் விழுந்தது. வெள்ளை ஒட்டு அவன் காலடியில் சுருண்டு கிடந்தது.

துஷ்யந்தன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். கைகளுக்குள்ளிருந்தே பேசினான்.

"மாமா சொன்னவர், பொன்னுருக்குக்கு முதல் கிணறு இறைச்சுத் துப்புரவாக்க வேணும் எண்டு. விதியைச் சொல்லுவம் எண்டு வாயைத் திறந்தனான் அக்கா. 'என்ன தம்பி, ஒரு கிணறு இறைக்கவும் வோட்டுப் போடவேணுமோ?' எண்டு சிரிச்சார். எல்லாரும் சிரிச்சினம். எனக்குப் பேந்து வாய் வரேல்லை. ஒரு மணித்தியாலத்திலை வத்திப்போற கிணறு, ஒண்டும் ஆகாது எண்டு நினைச்சனான். ஆனா..."

"ஆனா?"

"வத்தேல்லை." அவன் நிமிர்ந்தான். அந்த அவமானத்துக்குள்ளும் கண்களில் ஒரு வியப்பு எழுந்தது. "ரெண்டாவது மிஷினும் வைச்சம். அப்பவும் வத்தேல்லை. இறைக்க இறைக்கத் தண்ணி வந்துகொண்டே இருந்தது. நல்ல தண்ணி. விடியப்புறமட்டும் நல்ல தண்ணிதான் வந்தது. மாமாவுக்குக் கோவம், கிணறு அடி காட்டேல்லை எண்டு. நான் அதிலை நிண்டு பாத்துக்கொண்டே இருந்தனான். பேந்துதான் உப்புக் கரிச்சுது."

சிவரூபி எழுந்து நின்றாள். "என்ன சொன்னனீர்? விடியமட்டும் நல்ல தண்ணியோ? அந்தக் கிணத்திலையோ?"

"ஓம்."

"அங்கை நான் ஒரு குழியும் வெட்டேல்லை. நான் இறக்கின மழை மதிலுக்கு அங்காலையும் போயிருக்கு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, மூண்டு வருசமாக் கேட்ட கேள்வி அதுதான். ஒரு கிணத்துக்குச் செய்தால் அயல் கிணத்துக்கும் பிடிக்குமோ எண்டு. ரெண்டு மிஷின் விடிய விடிய இறைச்சும் தாங்கியிருக்கு!"

காலுக்குக் கீழே இருந்ததை எல்லாரும் அப்போதுதான் உணர்ந்ததுபோல நிலத்தைப் பார்த்தார்கள். நாற்பது வருடம் தண்ணீர் விற்ற கதிர்காமு செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திராது.

"ஆனா நீர் வாய் திறக்கேல்லை" என்றாள் மேரிஜோசப்பின் துஷ்யந்தனிடம். "இறைச்சது பிழை. அதை மன்னிக்கலாம். காலமை இந்தப் பிள்ளையைக் கள்ளி எண்டு உலகம் முழுக்கச் சொல்லேக்கை பக்கத்திலை நிண்டு பாத்தீர். இனந்தெரியாத ஆள் எண்டு பதியச் சொன்னீர்."

"அக்கா, பேர் போடத்தான் வேணுமோ? அழிக்க ஏலாதே. கலியாணம் வேறை..."

"சிவரூபியின்ரை பேர் போயிருந்தால் அழிச்சிருப்பீரோ?"

அவன் குனிந்து வெள்ளை ஒட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

ஐந்தரை மணிக்கு மேரிஜோசப்பின் முடிவை எழுதினாள். நடந்ததை எழுதுவது அவளுக்குப் பழக்கம். பெயர் எழுதுமிடம் வந்தபோது மட்டும் போனைக் கீழே வைத்தாள். நசுங்கிய வாகனத்துக்குப் புது மட்காட் போடலாம். இதற்கு ஒன்றும் போட முடியாது.

"விடுங்கோ" என்று துஷ்யந்தன் தன் போனை எடுத்தான். "அதை நானே எழுதிறன்."

அவன் தன் போனில், அவையில் தனக்குரிய ரகசிய எண்ணால், தன் பெயரை எழுதினான். செய்ததையும் செய்யாமல் விட்டதையும் எழுதினான். ஒப்பமிட்டான். திரையில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி தோன்றியது. இனி அது சுருவிலிலும் ரொறன்ரோவிலும், அவன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இருக்கும்.

சிவரூபி அதை இரண்டுதரம் வாசித்தாள். பிறகு தன் போனை எடுத்து அதன் கீழே ஒரு குறிப்புச் சேர்த்தாள். பதிந்ததை அழிக்கத்தான் முடியாது. கீழே எழுத யாருக்கும் தடையில்லை. மேரிஜோசப்பின் எட்டி வாசித்தாள்.

'மூடிக்கு வெளியே ஓடும் உப்புப்பெட்டி வயரைக் கழற்றிவிட இவருக்கு ஒரு ராத்திரி முழுக்க நேரம் இருந்தது. கட்டியவர் என்பதால் வழியும் தெரிந்திருந்தது. கழற்றவில்லை. அதனால்தான் நாம் உண்மையை அறிந்தோம். இவருடன் தொடர்ந்து வேலை செய்ய எனக்குச் சம்மதம். சிவரூபி.'

துஷ்யந்தன் மதில் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். தோள் குலுங்கியது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் இருக்க வாக்குகள் விழத் தொடங்கின. மேரிஜோசப்பின் தன் வாழ்நாளில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு சின்ன வெளிச்சமாகத் திரையில் வந்தது. ரொறன்ரோவில் காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து, பாரிசில் கடைக்குப் பின்னாலிருந்து, மெல்பேர்னில் படுக்கைக்குப் போகுமுன், மண்டைதீவில் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று. ஒருவரை ஒருவர் கண்டிராத சனம். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு பத்துப் பத்தாக. கதிர்காமுவும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வாக்கைப் போட்டார்.

"என்ன அண்ணை போட்டனீங்கள்?"

"தொடரட்டும் எண்டுதான். பவுசரை வித்துப்போட்டுக் குழி வெட்டிற மிஷின் வாங்குவம் எண்டு பாக்கிறன்." பிறகு சிவரூபி பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் எழுதினது பிழை. அதுக்குக் கீழை மன்னிப்பு எழுதியிருக்கிறன். பாரும்."

ஆறு மணி. வாக்கு வென்றது. யோகம்மா தேத்தண்ணீர் போட உள்ளே ஓடினார். கிணற்றுக்குள் உப்புப்பெட்டி தன் பாட்டில் ஒரு கணக்கை அனுப்பியது. காலையில் இருந்ததைவிட ஒரு துளி குறைவு. கடல் இறங்கத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து மதிலுக்கு மேலால் ஒரு தலை தெரிந்தது. அரைக் காற்சட்டை மாமனார்.

"தம்பி துஷ்யந்தன்! அடியிலை இன்னும் சேறு கிடக்கு. இண்டைக்கும் ஒருக்கா மிஷினைப் போடுவம், என்ன?"

எல்லாரும் துஷ்யந்தனைப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் துடைத்தான். வேட்டியைச் சரிசெய்வதுபோல இரண்டு தரம் இடுப்பைத் தடவினான், கட்டியிருந்ததோ ஜீன்ஸ்.

"ஏலாது மாமா" என்றான்.